கோட்டின் எந்தப் பக்கம்

தாளில் இழுத்த கோடு யாருக்கும் சொந்தமில்லை. அதை இதழின் விளிம்பு என்று பார்க்கலாம், இதழுக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்தின் விளிம்பு என்றும் பார்க்கலாம்; கோடு எதுவும் சொல்லாது. தோலில் இந்தச் சலுகை கிடையாது. கத்தியால் கீறிய ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு பக்கம் உண்டு. எது முன்னே, எது பின்னே என்று செதுக்குபவர் தீர்ப்புச் சொல்லியே ஆக வேண்டும். பின்னே இருக்க வேண்டிய பக்கத்தை உளியால் தட்டிச் சரிவாகத் தாழ்த்துகிறார். மறுபக்கம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கோ அதுதான் எழும்பி நிற்கிறது.

பூவேலை செய்த பெல்ட்டைத் தடவிப் பார்ப்பவர்கள், பூவை எப்படி இவ்வளவு உப்ப வைத்தார்கள் என்றுதான் கேட்கிறார்கள். பூ உப்பவே இல்லை. தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து வந்தபோது எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில்தான் இதழின் நுனி இப்போதும் இருக்கிறது. சுற்றியிருந்ததெல்லாம் இறங்கியிருக்கிறது. இதைப் புடைப்புச் சிற்பம் என்று சொன்னால் கல்தச்சர் ஆட்சேபிக்கக்கூடும். கல்லில் வேண்டாததை வெட்டி எறிகிறார்கள். தோலில் ஒரு துணுக்குகூட வெளியே போவதில்லை. இருந்த பொருள் முழுவதும் இருக்கிறது. ஓரிடத்தில் நார்கள் நெருங்கிப் படுத்துவிட்டன, இன்னோர் இடத்தில் பழையபடி தளர்வாக நிற்கின்றன, அவ்வளவுதான்.

நான் பேசுவது அமெரிக்க மேற்கின் சேண வேலைப்பாட்டைப் பற்றி. ஸ்பெயினிலிருந்து மெக்சிகோவுக்கும், அங்கிருந்து கலிபோர்னியா, டெக்சஸ், வயோமிங் என்று மாட்டுப் பண்ணைகள் இருந்த ஊர்களுக்கெல்லாம் சேணம் தைப்பவர்களோடு சேர்ந்து நடந்த கலை அது. அதன் வரலாற்றை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என்னை இழுப்பது அதன் கணக்கு. அங்கே தோலின் தடிமனை அவுன்ஸில் சொல்வார்கள். 1 அவுன்ஸ் என்றால் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். பெல்ட்டுக்கு 8, 9 அவுன்ஸ் தோல் எடுப்பது வழக்கம், அதாவது மூன்றரை மில்லிமீட்டருக்குப் பக்கம். கத்தி அதில் பாதிக்கு மேல் இறங்கக் கூடாது, இறங்கினால் பெல்ட் அந்தக் கோட்டிலேயே ஒருநாள் விட்டுப்போகும். ஆக, கொடி, இலை, பூ, பூவுக்குள் மகரந்தம், இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் இருண்ட வெளி, இத்தனையும் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்துக்குள் முடிந்துவிட வேண்டும். பளிங்கில் இதைச் செய்தவர் இத்தாலியச் சிற்பி தோனதெல்லோ. புனித ஜார்ஜ் சிலையின் பீடத்தில் அவர் செதுக்கிய சிறு புடைப்பில், தூரத்து மண்டபம் கல்லில் கீறல் அளவுக்குத்தான் இருக்கிறது. கண் அதற்குள் வெகுதூரம் போய்வருகிறது. ஆழம் என்பது அளவுகோலில் அளப்பது அல்ல என்று அவருக்கு 1417 வாக்கிலேயே தெரிந்திருந்தது.

ஒரே ஓர் இலையை எடுத்துக்கொள்வோம். தண்டு ஒன்றின் மேல் அது மடிந்து கிடக்கிறது. ஈரத் தோலின் மீது படத்தைப் பதித்த பிறகு சுழல்கத்தி வருகிறது. ஆள்காட்டி விரல் மேலே ஒரு நுகத்தில் உட்கார்ந்து அழுத்தம் கொடுக்க, கட்டைவிரலும் நடுவிரலும் உருண்டையான தண்டைத் திருப்புகின்றன. கத்தி தள்ளப்படுவதில்லை, தன்னை நோக்கி இழுக்கப்படுகிறது. அலகு கூர்மையாக இருந்தால் மட்டும் போதாது, கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்க வேண்டும். அதற்காகவே பக்கத்தில் மெருகுப் பொடி தடவிய ஒரு தோல்வார் கிடக்கும். நாவிதர் வாரில் தீட்டுவதைப்போல அடிக்கடி நாலு இழுப்பு. கீறல் கோட்டின் தொடக்கத்தில் ஆழமாக இறங்கி, முடிவில் ஒன்றுமில்லாமல் கரைய வேண்டும். மொட்டையாக முடியும் கோடு தொழில் தெரியாதவரின் கோடு.

பிறகு பெவலர். இரும்புத் தண்டின் முனையில் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் சரிந்த சிறிய முகம். உயர்ந்த விளிம்பை வெட்டுக்குள் வைத்து, சரிவைத் தண்டின் பக்கம் காட்டி, மேலே கொட்டாப்புளியால் தட்டு. அடியில் கருங்கல்லோ பளிங்கோ இருக்க வேண்டும், மேசைப் பலகை அடியை விழுங்கிவிடும். தட்டியதும் கருவியை எடுத்து அடுத்த இடத்தில் வைப்பதில்லை. தோலை விட்டு எடுக்காமலே அரை அகலம் நகர்த்தி அடுத்த தட்டு, மறுபடி நகர்த்தி அடுத்த தட்டு. இதை நடத்துவது என்கிறார்கள். கை தாளம் தப்பினால் சரிவு சரிவாக இருக்காது, படிக்கட்டாகிவிடும். இலையின் விளிம்பைச் சுற்றி நடத்தி முடித்ததும் தண்டு இலைக்கு அடியில் நுழைந்து போகிறது. உண்மையில் எதுவும் எதற்கு அடியிலும் நுழையவில்லை. தண்டு விளிம்பை நெருங்க நெருங்கத் தாழ்கிறது, கண் மீதியை நிரப்பிக்கொள்கிறது.

இலைக்குள் நடப்பது இன்னும் நுட்பமானது. பேரிக்காய் வடிவ முனை கொண்ட ஒரு கருவியால் இலையின் வயிற்றில் பள்ளம் இடுகிறார்கள். வலுவாகத் தொடங்கி மெல்ல அடி குறைந்து போகும் பள்ளம். இலை கிண்ணம்போல் குழிவதும், இதழ் சோர்ந்து கவிழ்வதும் இந்த ஒரு கருவியின் அடி எங்கே குறைகிறது என்பதில் இருக்கிறது. நரம்புகள், விதை முத்துகள், பின்னணிக்குச் சின்னச் சின்னப் புள்ளிகள் எல்லாம் அதன் பிறகு. இன்னும் துணிந்தவர்கள் இதழின் விளிம்புக்கு அடியில் தட்டையான கருவியைப் படுக்க வைத்துச் செலுத்தி, விளிம்பை மட்டும் தோலிலிருந்து கொஞ்சம் பெயர்த்துத் தூக்கிவிடுவார்கள். அப்போது விழுவது நிஜ நிழல். கடைசியாக, எதையும் தாழ்த்தாத, வெறும் அலங்காரக் கீறல்கள். பல கைகளை அடையாளம் கண்டுகொள்வது இந்தக் கடைசிக் கீறல்களில்தான். திருத்த முடியாது, மறைக்கவும் இடமில்லை.

கருவியைப் பற்றி இவ்வளவு பேசினாலும் பாதி வேலை தண்ணீருடையது. காய்ந்த தோலில் அடித்தால் பதியாது. நனைந்த தோலில் அடித்தால் பதியும், ஆனால் நிற்காது. விளிம்பு சேறுபோல் மழுங்கும். தோலை நனைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கறுத்த மேற்பரப்பு மெல்ல வெளுத்து ஏறக்குறையப் பழைய நிறத்துக்குத் திரும்பும், உள்ளே மட்டும் ஈரம் இருக்கும். அந்த நேரத்தைக் கடிகாரம் காட்டாது. தோலைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு; மண்பானையைத் தொட்டதுபோல ஒரு குளிர்ச்சி தெரிந்தால் தொடங்கலாம். அந்த ஈரத்தில் பெவலர் இறங்கும்போது ஒரு விஷயம் நடக்கிறது. அடிபட்ட இடம் பழுப்பாகக் கறுக்கிறது. சாயம் எதுவும் இல்லை. அழுத்தத்தில் நார்கள் இறுகிப் பளபளத்து நிறம் மாறுகின்றன. ஈரம் கூடினாலோ குறைந்தாலோ பள்ளம் கிடைக்கும், இந்தக் கறுப்பு கிடைக்காது. தோல் தன் நிழலைத் தானே தீட்டிக்கொள்ளும் இந்த நேரத்தைப் பிடிப்பதுதான் முப்பரிமாணத்தின் பெரும்பகுதி என்பது என் கட்சி. ஆழமாக அடித்தவன் வென்றான் என்று நினைப்பவர்களோடு இதில் எனக்கு ஒத்துப்போவதில்லை.

ஆக, செதுக்கிய தோலில் இரண்டு நிழல்கள் இருக்கின்றன. ஒன்று விளக்கு இருக்கும் திசையைப் பொறுத்து நகர்வது. இன்னொன்று அடியில் பிறந்து அங்கேயே தங்கிவிட்டது. இரண்டாவது ஏன் இவ்வளவு அவசியம்? சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1988இல் 'நேச்சர்' இதழில் நிழலிலிருந்து வடிவத்தைக் கண் எப்படிக் கணிக்கிறது என்று எழுதினார். மேலே வெளிச்சமும் கீழே இருட்டுமாகத் தீட்டிய வட்டம் நமக்கு மேடாகத் தெரியும். அதையே தலைகீழாகத் திருப்பினால் குழி. ஒளி மேலிருந்துதான் வரும், அதுவும் ஒரே இடத்திலிருந்து வரும் என்று மூளை கேட்காமலே முடிவுகட்டி வைத்திருக்கிறது. சூரியனுக்குக் கீழே பிறந்து வளர்ந்த உயிருக்கு அது நியாயமான முடிவுதான். நிலவின் பள்ளங்களைப் படமெடுத்துத் திருப்பிப் பிடித்தால் அவை கொப்புளங்களாக மாறுவதும் இதனால்தான். சேணத்தின் பூவுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. குதிரை திரும்புகிறது, வெயில் சாய்கிறது, சவாரி செய்பவர் கூடாரத்துக்குள் நுழைகிறார். விழும் நிழலை மட்டும் நம்பியிருந்தால் பூ சில நேரம் பூவாகவும் சில நேரம் பூ வடிவக் குழியாகவும் இருக்கும். அடியில் பிறந்த கறுப்போ பூவின் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை, சுற்றிலும் இருக்கிறது. மேகமூட்டமான நாளில் இடுக்குகள் எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் இருண்டிருக்குமே, அந்த இருட்டு. அதைக் கண் எப்படித் திருப்பினாலும் பள்ளம் என்றே படிக்கிறது, பூ மேட்டிலேயே நிற்கிறது.

இத்தனைக்கும் எல்லாத் தோலும் இடம் கொடுக்காது. இன்று உலகில் பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி குரோம் உப்பில் பதனிட்டது. மென்மை, உறுதி, சீக்கிரம் வேலை முடிதல் என்று அதற்கு ஆயிரம் நல்ல குணம். ஒன்று மட்டும் கிடையாது: நினைவு. அழுத்தினால் குழியும், விட்டால் எழும்பிவிடும். மரப்பட்டைச் சாற்றில் ஊறிய தோல் அப்படியில்லை. பட்டையின் துவர்ப்பு நார்களுக்கிடையே புகுந்து நிறைத்துக்கொள்கிறது; ஈரத்தில் நார்கள் நகரும், காய்ந்தால் நகர்ந்த இடத்திலேயே உறைந்துவிடும். சென்னை பெரியமேட்டில் தோல் வாங்கப் போனால் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் தங்கினால் பட்டைத் தோல். வெட்டிய ஓரத்தில் நீலச்சாம்பல் தெரிந்தால் குரோம்.

பட்டைத் தோல் நமக்குப் புதிதில்லை. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பகுதிகளில் ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காய்ச் சாற்றில் வெளிறிய வைக்கோல் நிறத்துக்குக் கொண்டுவந்து, அரைகுறைப் பதனீட்டில் கப்பலேற்றிய தோல் ஒரு காலத்தில் 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரிலேயே லண்டனில் ஏலம் போனது. இன்று அதற்குப் புவிசார் குறியீடு உண்டு. கன்றுத் தோலும் ஆட்டுத் தோலும்தான் அதில் அதிகம். சேணத்துக்கு வேண்டிய தடிமன் இராது. சிறிய செதுக்கு வேலைக்குத் தாராளமாக இடம் கொடுக்கும். ஆனால் தமிழ் இலக்கியம் தோலைப் பற்றி எழுதியபோது பூவைப் பற்றி எழுதவில்லை. டி. செல்வராஜின் 'தோல்' நாவல் திண்டுக்கல் ஷாப்புகளின் சுண்ணாம்புக் குழிகளுக்குள் இறங்கி நின்றவர்களைப் பற்றியது. அதைப் படித்த பிறகு, வழவழப்பான ஒரு தோல் துண்டைக் கையில் எடுத்து இதில் என்ன பூ செதுக்கலாம் என்று யோசிப்பது அவ்வளவு எளிதாக இல்லை. யோசிக்கத்தான் செய்கிறேன்.

இனி உண்மையாகவே உப்ப வைப்பது. அதற்கும் வழி இருக்கிறது, மிகப் பழைய வழி. பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளங்கை அளவில் ஒரு புத்தகம் இருக்கிறது, புனித கத்பர்ட்டின் நற்செய்தி. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது, 1104இல் அந்தத் துறவியின் சவப்பெட்டியைத் திறந்தபோது உள்ளே கிடைத்தது, 2012இல் 90 லட்சம் பவுண்டுக்கு நூலகம் வாங்கியது. சிவந்த ஆட்டுத் தோல் அட்டையின் நடுவே ஒரு செடி புடைத்து நிற்கிறது, கிளைகள் சுருண்டு, முனைகளில் கனிகளோடு. புடைப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நெடுநாள் ஊகம்தான். சி.டி. ஸ்கேன் செய்து பார்த்தபோது களிமண் போன்ற ஒரு பொருளைப் பலகைமேல் உருவாக்கி, அதன் மேல் தோலைப் போர்த்தியிருப்பது தெரிந்தது. இன்றைய செதுக்குக்காரர்களும் இதையே திருப்பிப் போட்டுச் செய்கிறார்கள். ஈரத் தோலைப் பின்னாலிருந்து உருண்டை முனைக் கருவியால் தள்ளி, முன்பக்கம் மேட்டைக் கரண்டியால் ஒழுங்குபடுத்தி, பின்பக்கக் குழியில் தோல்தூளையும் ரப்பர் பசையையும் குழைத்து அடைத்து, மேலே இன்னொரு தோலை ஒட்டிவிடுவது. சுவரில் மாட்டும் தோல் படங்களில் குதிரையின் தாடையும் கழுத்தும் இப்படித்தான் சுவரை விட்டு வெளியே வருகின்றன.

இந்தக் குதிரைகளை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அல் ஸ்டோல்மன். சேணக் கடைகளில் குருவிடம் மட்டும் கற்ற வித்தையைப் படம்படமாக வரைந்து புத்தகமாக்கியவர். எந்தக் கருவியை எந்தக் கோட்டின் எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பதுவரை. அதைப் பரப்ப ஒரு வியாபாரமும் சேர்ந்துகொண்டது. டெக்சஸின் ஃபோர்ட்வொர்த்தில் செருப்புச் சாமான் விற்ற டேண்டி குடும்பத்தின் மகன் சார்லஸ், இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையில் ஹவாய்க்குப் போனார். காயப்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் தோல்வேலை கொடுத்துத் தேற்றுவதைப் பார்த்து, இதில் கடை போடலாம் என்று கண்டுகொண்டார். (இதே டேண்டி நிறுவனம்தான் 1963இல் ரேடியோஷாக்கை வாங்கி, பின்னால் டிஆர்எஸ்-80 கணினியை விற்றது. அந்த 'டி' தோல் வியாபாரத்திலிருந்து வந்தது.) குதிரை, மான், மலை, ஏரி என்று ஸ்டோல்மன் தோலில் காட்சிகளையே அமைத்தார். நிலக்காட்சியில் அவர் சொல்லும் ஒழுங்கு எளியது: முன்னே இருக்கும் மரத்தைச் சுற்றி ஆழமாகத் தட்டு, நடுவே இருக்கும் குன்றுக்குப் பாதி, தூரத்து மலைக்குக் கத்தியே வேண்டாம், கருவியின் மென்மையான ஓரம் போதும். தூரம் என்பது அடியின் வேகம் குறைவது.

அவர் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் வழியில் வந்தவர்கள் செய்த எத்தனையோ குதிரைத் தலைகளைப் படங்களில் பார்க்கும்போது ஓர் அயர்ச்சி வருகிறது. மயிர் மயிராகக் கீறி, மூக்குத் துவாரத்தை உப்ப வைத்து, கண்ணுக்கு வண்ணம் தீட்டி, ஒரு வெள்ளைப் புள்ளியும் வைத்துவிடுகிறார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, குதிரை செத்துக் கிடக்கிறது. கண் செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்துக் கை செய்துவிட்டது காரணமாக இருக்கலாம். இமையின் கோட்டைக் கீறி, கோட்டின் உள்பக்கத்தைத் தாழ்த்தி, விழி தானாக உருளட்டும் என்று ஸ்டோல்மன் விட்ட இடத்தில், இவர்கள் இன்னும் இரண்டு அடி அடித்துவிடுகிறார்கள்.

எதிர்ப்பக்கத்தில் டான் கிங். வயோமிங்கின் ஷெரிடன் ஊரில் கயிறும் சேணமும் விற்ற கடைக்காரர், 1923இல் பிறந்து 2007இல் மறைந்தவர். அவர் கையிலும் அவ்வூர்ச் சகாக்கள் கையிலும் உருவானதுதான் ஷெரிடன் பாணி. பெரிய இலைகளும் தாராளமான வெற்றிடமுமாக இருந்த பழைய சேணப் பூவேலையை அவர்கள் நெருக்கினார்கள். தண்டு வட்டமாகச் சுழன்று ஒரு பூவைச் சுற்றிவளைக்கும், அந்த வட்டத்திலிருந்து கிளைத்த தண்டு அடுத்த வட்டத்துக்குப் போகும், இடைவெளிகளில் சுருள் இலைகள். பூ என்னவோ காட்டு ரோஜாதான். ஆனால் எந்தக் காட்டிலும் இந்த ரோஜா கிடைக்காது. இதழ் எண்ணிக்கையோ வளைவோ தாவரவியலுக்குக் கட்டுப்பட்டதில்லை. ஒரு தண்டு ஒரு தண்டுக்கு அடியில் போய் அடுத்ததற்கு மேலேறி வருவதை மட்டும் அவர்கள் ஒருபோதும் பொய்யாகச் செய்ததில்லை. எந்தக் கோட்டிலும் தீர்ப்பு தவறவில்லை. அதனால்தான் இல்லாத செடி உயிரோடு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. குதிரைத் தலை சுவரில் மாட்ட, ஷெரிடன் பூ உட்கார. சவாரி செய்பவரின் தொடையும் வியர்வையும் எண்ணெயும் அதன்மேல் வருஷக்கணக்கில் உரசுகின்றன. இதழ்களின் மேடு தேய்ந்து பளபளக்கும், பள்ளத்தில் அழுக்கு இறங்கிக் கறுக்கும். செதுக்கியவர் அடியில் கொண்டுவந்த நிழலை, சவாரிக்காரர் தெரியாமலே தொடர்ந்து தீட்டிக்கொண்டிருக்கிறார். புதுப் பெல்ட்டில் கருஞ்சாயப் பசையைத் தடவி, மேட்டில் இருப்பதை மட்டும் துடைத்தெடுத்து, பள்ளத்தில் தங்க விடுகிறார்களே, அது இந்தத் தேய்மானத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்வது. எனக்கு அதில் பெரிய மனத்தாங்கல் இல்லை, பசையைக் கொஞ்சம் கம்மியாகப் பூசலாம்.

கடைகளில் தொங்கும் பூப்போட்ட பெல்ட்டுகளில் பெரும்பாலானவை உருளை அச்சில் அழுத்தி எடுத்தவை. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. இதழின் விளிம்பில் நகத்தை ஓட்டினால் கைவேலையில் கத்திக் கீறலில் நகம் மாட்டும். அச்சில் பள்ளத்தின் ஓரம் உருண்டிருக்கும், நகம் வழுக்கிக்கொண்டு போய்விடும். தண்டும் இலையும் சந்திக்கும் இடத்தில் இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் அதுவும் அச்சுதான். பெல்ட்டை நீளவாக்கில் விரித்து ஒரு பூவில் இருக்கும் சின்னக் குறையைத் தேடி வைத்துக்கொண்டு, அதே குறை அதே இடைவெளியில் திரும்ப வருகிறதா என்று பார்க்கலாம். கைவேலையில் இரண்டு பூக்களை ஒப்பிட்டால் ஒன்றில் பழுப்பு தூக்கலாகவும் இன்னொன்றில் கொஞ்சம் வெளிறியும் இருக்கும். வெளிறிய பூவின் முறை வருவதற்குள் தோல் அந்த முனையில் காய ஆரம்பித்திருக்கும்.